வெயில் பட்டால் விழிப்பது

— முடியாதுண்ணே. இந்தப் பழைய பேட்டரி செல்லுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

— அடம் பிடிக்காத, நோம்சா. கரண்டு கட் ஆகறதுக்குள்ள போட்டுக் குடு. ஏற்கெனவே விண்ணுக்குப் போன சரக்குதானே?

— போச்சு. போயி என்ன ஆச்சு? நம்ம முதல் சாட்டிலைட் செத்ததே இந்தச் செல்லாலதான், லுவுயோ அண்ணே. டிரில் மெஷினுக்குன்னு கடையில விக்கிற செல். காத்தில்லாத பெட்டிக்குள்ள வெச்சேன், உள்ள இருக்கிற பாதுகாப்புத் தகடு டப்புன்னு பிச்சுக்கிச்சு. ஒருதடவை பிச்சுக்கிட்டா மறுபடி ஒட்டாது. புதுசா வந்த செல்லையும் அதே பெட்டியில வறுத்தேன், உறைய வெச்சேன். கல்லு மாதிரி இருக்கு. நல்லதைக் கையில வெச்சுக்கிட்டு எதுக்கு இந்தச் சொத்தையைக் கட்டிக்கிட்டு அழறீங்க?

— சோலார் பேனல் இருக்கில்ல. வெயில்ல ஓடும்.

— பூமியோட நிழலுக்குள்ள போனா? அணைஞ்சு போயிடும். கடல்ல மாட்டிக்கிட்ட படகு கூப்பிடறதைக் கேக்கத்தான் இந்தப் புது சாட்டிலைட்டை அனுப்பறோம். என் தம்பி சல்டான்யா துறைமுகத்திலேர்ந்து மீன்பிடிக்கப் போறான். அவன் பகல்ல மட்டும்தான் முழுகணுமா?

— டீயைக் குடி முதல்ல.

— பேச்சை மாத்தாதீங்கண்ணே. டீயும் ஆறிப்போச்சு.

— முதல் சாட்டிலைட் சாகலை, நோம்சா.

— என்ன உளர்றீங்க? அதைத் தலைமுழுகி எவ்வளவு நாளாச்சு!

— ஆபீசுக்குத்தான் அது செத்துச்சு. இதைக் கேளு. இன்னிக்கு விடியக்காலம் என் வீட்டு ஏரியல்ல பிடிச்சுப் போன்ல பதிஞ்சேன்.

— ஒரே இரைச்சலா இருக்கு.

— பொறு.

— ...அய்யோ. “மோல்வேனி! நான் முழிச்சுட்டேன்!”னு... அண்ணே, இது நம்ம ஸிந்த்லே குரல்!

— என் பொண்ணேதான். மேல போய் முதமுதலா கண்ணு திறக்கறப்போ ‘மோல்வேனி’ன்னு உலகத்துக்கு வணக்கம் சொல்லட்டும்னு, அவளைப் பேசவெச்சுப் பதிஞ்சேன். ஒரேயொரு தடவை பேசறதுக்கு.

— அவளைப் புதைச்சு ரெண்டு வருஷம் ஆகப்போகுதேண்ணே...

— செல் போனதால ஒவ்வொரு சுத்துலயும் நிழல்ல அணையுது. வெயில் பட்டதும், எல்லாம் மறந்து, அப்பத்தான் பொறந்த மாதிரி எழுந்திருக்குது. என் பொண்ணு மறுபடி முழிச்சுக்கறா. ஆனா அந்த சாட்டிலைட் கீழ இறங்கிட்டே வருது, நோம்சா. இந்த மழைக்காலம் தாண்டாது. எரிஞ்சு போயிடும்.

— அதனால புது சாட்டிலைட்டுலயும் அவ குரலையே வெச்சுட்டீங்க.

— நல்ல செல்லைப் போட்டா, ஒருதடவை பேசிட்டு வாயை மூடிக்கும். அப்புறம் நான் எங்க போய் அவளைக் கேப்பேன்?

— அண்ணே, அவ இருட்டுன்னாலே நடுங்குவாளே. ஆஸ்பத்திரியில லைட்டை அணைக்கக் கூடாதுன்னு நர்ஸோட சண்டை போட்டது நீங்கதானே?

— பேசாத.

— முழிக்கறது மட்டும்தான் உங்க காதுல விழுது. அதுக்கு முன்னாடி, ஒவ்வொரு சுத்துக்கும், அந்த இருட்டுல தனியா அணைஞ்சு போறாளே... அது கேக்குதா உங்களுக்கு?

— ஸ்க்ரூ டிரைவரை எடு, நோம்சா.

— எதுக்கு?

— பழைய செல்லை நேத்தே உள்ள வெச்சு மூடிட்டேன். திறந்து நல்லதைப் போடணும்.