கொஞ்சம் குண்டான எழுத்து

எனக்கு ஒழுங்கு பிடிக்கும். சாக்ஸைக்கூட ஜோடி பார்த்து மடித்துத்தான் அலமாரியில் வைப்பேன். மூன்று நாளாக எங்கள் சர்வரின் பதிவுகளைத் தோண்டிக்கொண்டிருக்கும் நீங்கள் என்னைப் பற்றித் தப்பாக எதுவும் நினைத்துவிடக் கூடாதே என்று இதை முதலிலேயே சொல்கிறேன். அந்த நாற்காலியில் ஒரு கால் ஆடும், இதில் உட்காருங்கள்.

இது ஐந்து பேர் வேலை செய்யும் வடிவமைப்பு அலுவலகம். புத்தகம், அட்டைப்பெட்டி, காட்டலாக் எல்லாம் செய்வோம். ஒவ்வொரு கணினியிலும் நாலாயிரம் எழுத்துருக்கள் குவிந்து கிடந்தன. யார் எதை எப்போது ஏற்றினார்கள் என்று கடவுளுக்கே வெளிச்சம். காலையில் கணினியைப் போட்டுவிட்டு, காப்பி குடித்து, குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் அது விழித்திருக்காது. ஒருநாள் எங்கள் முதலாளியம்மா, "நீங்கதான சீனியர், இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றார். பண்ணினேன்.

எழுத்துருக்களை நிர்வகிக்கும் மென்பொருள்களில் மூன்றை எடுத்து இரண்டு வாரம் சோதித்தேன். முதலாவது, நாலாயிரத்தையும் படம் காட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று அடம் பிடித்தது. இரண்டாவது கெட்டிக்காரி. கோப்பைத் திறந்ததும் தேவையான எழுத்துருவைத் தானே எடுத்துக் கொடுத்துவிடும். ஆனால் ஒரே பெயரில் இரண்டு இருந்தால் கைக்கு வந்ததைக் கொடுக்கும்.

எங்கள் தொழிலின் பெரிய தலைவலியே அதுதான். ஒரு எழுத்துருவுக்குப் பழைய பதிப்பும் இருக்கும், புதிய பதிப்பும் இருக்கும், பெயர் ஒன்றுதான். புதியதில் எழுத்துகள் ஒரு மயிரிழை அகலமாக இருக்கும். அந்த மயிரிழைகள் சேர்ந்து வரியின் கடைசிச் சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளும், பத்தியின் கடைசி வரியை அதற்கு ஒதுக்கிய கட்டத்துக்கு வெளியே தள்ளி மறைத்துவிடும். எழுத்துரு அடியோடு காணாமல் போனால் கணினி ஊரைக் கூட்டும். இதற்கு அப்படிச் செய்யாது. கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது மென்பொருளில் எல்லா எழுத்துருவும் சர்வரில் இருக்கும். யார் கணினிக்கு எது, எந்தப் பதிப்பு என்பதை ஒருவர் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே முடிவு செய்யலாம். ஏழு பக்க அறிக்கை எழுதி அதைப் பரிந்துரைத்தேன். பழைய வேலைகளைத் திறக்கப் பழைய பதிப்பும் தேவை, அதனால் இரண்டையும் வைத்துக்கொள்வோம் என்றும் எழுதினேன். அது முழுக்க முழுக்க நியாயமான காரணம், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வாங்கினார்கள், அந்த ஒருவராக என்னையே போட்டார்கள்.

என் மச்சினனைப் பற்றிக் கேட்டீர்கள். மனைவியின் தம்பி. நான்தான் முதலாளியம்மாவிடம் சொல்லி இங்கே சேர்த்துவிட்டேன். தங்கமான பையன், வேலையும் சுத்தம். நான் அரைநாள் மல்லுக்கட்டும் பக்கம் அவன் கைபட்டால் கால் மணி நேரத்தில் அடங்கி உட்காரும். போகப் போக, நான் ஒரு பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் முதலாளியம்மா, "தம்பிகிட்ட ஒருவாட்டி காட்டிட்டீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார். மரச்சாமான் நிறுவனத்தின் முந்நூறு பக்கக் காட்டலாக் முடிந்ததும் எங்கள் இருவரில் ஒருவரைத் தலைமை வடிவமைப்பாளர் ஆக்கப் போவதாகவும் சொன்னார். நான் இங்கே வந்து பதினாறு வருடம் ஆகிறது. வயிற்றெரிச்சல் என்று நினைக்காதீர்கள். எனக்கு அசிடிட்டி உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன், அது வேறு விஷயம்.

முதல் தடவை நடந்தது சத்தியமாகக் கைதவறுதல். அவன் கணினிக்குப் பழைய பதிப்புக்குப் பதில் புதியதைத் தட்டிவிட்டிருக்கிறேன். என் மேசைக்கு வந்தான்.

"மாமா, இந்த எழுத்து நேத்தைவிட இன்னிக்குக் கொஞ்சம் குண்டா இல்ல?"

போய்ப் பார்த்ததுமே என் தப்பு எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வாயில் வேறு ஒன்று வந்தது. "நேத்து ஒழுங்காத் தூங்கினியா மாப்ள?" என்றேன். சிரித்துக்கொண்டே கண்ணைக் கசக்கினான். நான் என் இடத்துக்கு வந்து பழைய பதிப்பைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்து, "இப்ப சரியா இருக்கு மாமா. எனக்குத்தான் என்னவோ" என்றான்.

அந்த 'எனக்குத்தான் என்னவோ' காதில் விழுந்ததும் எனக்குள் இறங்கிய நிம்மதி இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது. அன்று மாத்திரை போட வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் போகவில்லை. நான் வெறி பிடித்தவன் இல்லை. பெரும்பாலும் அவன் முதலாளியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டும் சமயமாகப் பார்த்துச் செய்வேன். வரி இறங்கி நிற்கும். அவன் திருதிருவென்று முழித்து என்னைக் கூப்பிடுவான். நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்னால் மாற்றிவிட்டுத்தான் எழுவேன். நான் போய்க் கோப்பை மூடித் திறந்தால் எல்லாம் கச்சிதமாக இருக்கும். "நீங்க வந்தாலே சரியாயிடுது மாமா" என்பான். எனக்கே கூச்சமாக இருக்கும்.

நாளாக ஆக ஸ்டீல் அளவுகோலைத் திரையில் வைத்து எழுத்துகளை அளக்க ஆரம்பித்தான். எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. லீவு போட்டு, என் வண்டியிலேயே கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இரண்டு தடவை சோதித்துவிட்டு, "கண்ணுல ஒரு குறையும் இல்லையே" என்றார். இருந்தாலும் கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான், பவர் இல்லாத வெறும் கண்ணாடி. என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்கள மாதிரி ஒரு மாமா கிடைக்க அவன் குடுத்து வெச்சிருக்கணும்" என்றாள். ஏதோ நம்மால் முடிந்தது என்றேன்.

காட்டலாக் அச்சுக்குப் போக வேண்டிய நாளில் அவன் முந்நூறு பக்கத்தையும் மூன்று தடவை பார்த்தான். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "நீங்க ஒருதடவை கண்ணு வெச்சுட்டா எனக்கு நிம்மதி மாமா" என்றான். பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. "பிரமாதம், அனுப்பு" என்று தோளில் தட்டிவிட்டு என் இடத்துக்கு வந்தேன். அச்சுக்கோப்பு எடுக்கும் முன் ஒருமுறை மூடித் திறப்பது அவன் வழக்கம், நான் சொல்லிக் கொடுத்ததுதான். அவன் மூடியதும் நான் பதிப்பை மாற்றினேன். திறந்து, கோப்பை எடுத்து, மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து பார்க்கப் போனான். "எத்தனை தடவைடா பாப்ப, உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றேன். அனுப்பிவிட்டான்.

புத்தகம் அச்சாகி வந்தது. பாதிக் கட்டங்களில் கடைசி வரியைக் காணோம். ஒரு கட்டிலுக்குக் கீழே 'இந்தக் கட்டில் எத்தனை வருடம் ஆனாலும்' என்பதோடு நின்றுவிட்டது. ஜனங்கள் அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு, "ஆனாலும்... என்னங்க ஆகும்?" என்று கேட்டார்களாம். சொல்லக் கூடாது, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவனை யாரும் போகச் சொல்லவில்லை. அவனாகவே கடிதம் கொடுத்தான். முதலாளியம்மா அதை எல்லார் முன்னாலும் வாசித்தார். அச்சுக்கோப்பு எடுக்கும்போது சிவப்புப் புள்ளிகள் தெரிந்ததாகவும், வழக்கம்போலத் தன் கண்ணின் கோளாறு என்று விட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தான். தன் தவறுகளை இத்தனை நாள் பொறுமையாகத் திருத்திய மாமாவையே தலைமை வடிவமைப்பாளராகப் போட வேண்டும் என்றும் எழுதியிருந்தான். போட்டார்கள். நான் சிபாரிசுக்குப் போகவே இல்லை.

முப்பத்தெட்டு தடவை மாற்றியிருக்கிறேன் என்கிறீர்கள். முப்பதுக்குள்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பதிவில் இருப்பதையே வைத்துக்கொள்வோம், எனக்குத் தகராறு பிடிக்காது. எல்லாம் நான் செய்ததுதான். அலுவலகத்தில் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும், அதற்கு ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும், அதைத்தான் செய்தேன். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

இன்னொன்று, இது உங்கள் பதிவுகளில் இருக்காது, நானாகச் சொல்கிறேன். அவன் இப்போது ஒரு பொம்மைக் கடையில் அலமாரிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலை பார்க்கிறான். இன்று காலை ஒரு சீட்டை ஒட்டி, போனில் படம் எடுத்து, "மாமா, நேரா இருக்கா பாருங்க" என்று அனுப்பியிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி இருந்தது. பதினாறு வருடத்தில் நான் ஒரு வரியைக்கூட அவ்வளவு நேராக வைத்ததில்லை.

"கொஞ்சம் சாஞ்சிருக்கு மாப்ள, பிரிச்சு மறுபடி ஒட்டு" என்று பதில் போட்டேன்.