செக்கிங் பண்ண வராத ஆயம்மாள் அம்மா

மேடையில் இருக்கும் தலைமையாசிரியர் மயில்சாமி ஐயா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பனியன் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லாருக்கும் ஒச்சம்மாளின் வணக்கம். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. மைக்கில் பேசுவது இதுதான் முதல் தடவை.

உளவியலாளர் ஆயம்மாள் அம்மா நம்மை விட்டுப் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. வாரம் ஒரு நாள் குன்னத்தூரிலிருந்து பஸ் ஏறி, மடியில் ஒரு பெட்டியோடு நம் பள்ளிக்கு வருவார். பெட்டிக்குள் என்ன இருந்தது? சிவப்பும் வெள்ளையுமாகக் கொஞ்சம் கட்டைகள், படங்கள், ஒரு கடிகாரம். இதை வைத்து ஒரு பிள்ளையின் அறிவையும் மனசையும் எப்படி அளந்தார்? ரெண்டு வருசமாக எனக்கு இதே கேள்விதான்.

என் பேத்தி ஜோதிகா அப்போது நாலாம் வகுப்பு. வாசிக்கச் சொன்னால் வாய் திறக்க மாட்டாள். "மூளை வளர்ச்சி பத்தலை, டி.சி. வாங்கிக்கங்க" என்று ஒருவர் சொன்னார். யாரென்று நான் சொல்லவில்லை, மயில்சாமி ஐயாவே சிரிக்கிறார். ஆனால், எதற்கும் ஆயம்மாள் அம்மா ஒரு தடவை பார்க்கட்டும் என்று தவணை கொடுத்தவரும் அவர்தான்.

அந்த அம்மா டெஸ்ட் வைத்த அன்றைக்கு ஜோதிகா ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தைக் காட்டி, "இதுல என்ன கொறையுதுன்னு சொல்லுங்க கண்ணு" என்று கேட்டால், உதட்டை இறுக்கிக்கொண்டாள். பூஜ்யம் போட்டிருக்கலாம். போட்டாரா? போடவில்லை. மார்க்குக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, இந்தக் கண்ணு தெரியாம சும்மா இருக்கலீங்க. எதையோ மறைக்குதுங்க. நீங்க வேலை செய்யற எடத்துக்கு நான் வரலாமுங்களா?"

வந்தார். பள்ளி விட்டால் ஜோதிகா என் செக்கிங் டேபிள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. சரிசெய்ய முடிந்தால் ஆல்டர். முடியாவிட்டால் செகண்ட்ஸ், கழித்துப் போட்ட சரக்காகக் காதர்பேட்டைக் கடைகளுக்கு மலிவு விலையில் குவியலாகப் போய்விடும்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "டெஸ்ட்டுக்கு முந்தின நாள் புள்ளகிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"நாளைக்கு ஒன்னையச் செக்கிங் பண்ண வாராக, ஒழுங்கா இருன்னு சொன்னேன்."

சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. ஜோதிகா தலை நிமிராமல் சொன்னாள்: "பேசுனாத்தான டேமேஜ் தெரியும்."

அந்த அம்மா புத்தி சொன்னாரா? இல்லை. ஸ்டிக்கர் தாளை அவள் கையில் கொடுத்தார். "இப்ப நீங்க என்னையச் செக்கிங் பண்ணுங்க கண்ணு."

ஜோதிகா அவரைச் சுற்றிச் சுற்றி வந்து, முந்தானையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாள். "நூல் பிரிஞ்சிருக்கு."

"அப்ப நான் செகண்ட்ஸுங்களா?"

"இல்ல. ஆல்டரு."

"எங்கூட்டுக்காரரக் கேட்டா செகண்ட்ஸுன்னுதான் சொல்லுவாருங்க."

என் பேத்தி சிரித்துவிட்டாள். மறுவாரம் ஒரு மணி நேரம் கட்டை அடுக்கிக்கொண்டே பேசினாள். உருவங்களைப் பிடிப்பதில் வயதுக்கு மிஞ்சிய கண், எழுத்து மட்டும் அவளுக்குக் கலங்கித் தெரிகிறது, அதைவிடப் பெரிது தள்ளிவிடுவார்களோ என்ற பயம் என்று அந்த அம்மா எழுதிக் கொடுத்தார். டி.சி. பேச்சு நின்றது. இன்றைக்கு ஜோதிகா ஆறாம் வகுப்பு. படிப்பில் என்னைத் தாண்டிவிட்டாள்.

"கட்டையில மனசு எப்படித் தெரியுதும்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியாதுங்க. கை எங்க தயங்குதுன்னு மட்டுந்தான் தெரியும். ஏன் தயங்குதுன்னு கேட்டுத்தானுங்க தெரிஞ்சுக்கோணும்."

எத்தனை பேர் நம்மைக் கேட்டிருக்கிறார்கள்? நாம் எத்தனை பேரைக் கேட்டிருக்கிறோம்?

வருகிற வியாழக்கிழமை அந்தப் பெட்டியோடு புதிதாக ஒருவர் வருகிறார். பதினோரு பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார். பெட்டியைத் திறக்க எனக்குத் தெரியாது. ஆனால் புதன்கிழமை சாயங்காலமே அந்தப் பதினோரு வீட்டுக்கும் போவேன். இனி எத்தனை பிள்ளை வந்தாலும் போவேன். ஆயம்மாள் அம்மா படத்துக்கு முன்னால் சொல்கிறேன், செக்கிங் என்ற அந்தப் பழைய வார்த்தையை வாயில் எடுக்க மாட்டேன். ஒவ்வொரு பிள்ளையிடமும் இப்படித்தான் சொல்வேன்: "நாளைக்கு ஒருத்தங்க வாராக சாமி. ஒன்னையப் பத்தித் தெரிஞ்சுக்கிற ஆசையில வாராக."