உடன்வினைக்கு இரண்டாவது சான்று

— அக்கா, 'உ' பக்கத்தக் குடுக்கறீங்களா இல்லையா? நாலு மணிக்கு அச்சகத்துக்காரர் வந்து நிப்பாரு.

— இருங்க தம்பி. ஒரே ஒரு சொல்லு பாக்கி.

— 'உடன்வினை'தானே? காலையில இருந்து அந்த அட்டையத்தான் முறைச்சுக்கிட்டு இருக்கீங்க. அகராதிக்கே தலைமைத் தொகுப்பாளர், ஒத்தச் சொல்லுக்கு இப்படித் தவம் கெடக்கணுமா?

— சான்று ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு பேரு, ரெண்டு இடத்துல, யாரும் கேக்காம தானா எழுதியிருந்தாத்தான் உள்ள விடணும்.

— அந்தச் சட்டத்தப் போட்டதே நீங்கதானே!

— அதனாலதான் மீற முடியல. மெய்ப்பு பாக்கற உங்களுக்கு என்ன, பிழையில்லாம இருந்தா சரி.

— சரி, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. 'ஒத்துழைப்பு'ன்னு ஒண்ணு குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப இது எதுக்கு?

— அது வேற, இது வேற. நான் சமைக்கறேன், நீங்க வெங்காயம் நறுக்கித் தர்றீங்க. அது ஒத்துழைப்பு. வேலை என்னுது, கை உங்களுது.

— சரி...

— ரெண்டு பேரு ஈரப் போர்வையப் பிழியறாங்க. ஆளுக்கொரு முனை. நீங்க அந்தப் பக்கம் முறுக்க, நான் இந்தப் பக்கம் முறுக்க... இப்பச் சொல்லுங்க, எந்தச் சொட்டு உங்களுது, எந்தச் சொட்டு என்னுது?

— ஹா!

— பிரிக்க முடியாதில்ல? அதுதான் உடன்வினை. ஒருத்தர் கைய விட்டா பாதி வேலையாவது நடக்கும்னு இல்ல. ஒண்ணுமே நடக்காது.

— நல்லாத்தான் இருக்கு. யாரு எழுதினது?

— ஏதோ ஆராய்ச்சிப் புத்தகம். இருவது வருஷம் முந்தி. முந்நூறு பிரதி அச்சடிச்சு, இருநூத்துத் தொண்ணூறு கட்டிலுக்கடியிலயே... அதாவது, கெடந்திருக்கும்னு சொல்றேன்.

— யாரு கட்டிலுக்கடியிலக்கா?

— வேலையப் பாருங்க தம்பி.

— பாத்துட்டுத்தான் வந்தேன். இந்தாங்க, ரெண்டாவது சான்று. மதியம்தான் அச்சாகி வந்துச்சு.

— என்னது! எங்க, காட்டுங்க... "மூன்றாம் மாடியிலிருந்து பீரோவை ஒரு கீறல் இல்லாமல் இறக்கியது, மேலே பிடித்தவர், கீழே தாங்கியவர் இருவரின் உடன்வினை. நன்றி." குடியிருப்போர் சங்கச் செய்திமடலா?

— அச்சுல வந்தா சான்றுதானே?

— தம்பி... உங்க வீடு எத்தனாவது மாடி?

— மூணு.

— பீரோ?

— எங்க வீட்டுதுதான்.

— எழுதினவர் பேரு?

— பேரு போடல. போட்டே ஆகணும்னு சட்டமும் இல்ல.

— இப்பப் புரியுது. நான் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கறதப் பாத்து, பாவம்னு நீங்களே எழுதிட்டீங்க.

— ஐயையோ, அக்கா...

— கோபமில்ல தம்பி. மனசு நெறஞ்சுதான் இருக்கு. ஆனா இரக்கப்பட்டுக் குடுத்த சான்ற வாங்கினா, நாளைக்கு இந்த அகராதியில எந்தச் சொல்ல நம்பறது? அந்தச் சிவப்புப் பேனாவ எடுங்க.

— அடிக்கப் போறீங்களா?

— பின்ன? அந்தப் புத்தகத்த எழுதினது நான். நான் பெத்த சொல்லு அது. முன்னபின்ன தெரியாத யாராவது ஒருத்தர் எடுத்துப் பேசிட்டா போதும்னு ஆசைப்பட்டேன். இல்லேன்னா இல்ல. விடுங்க.

— நீங்கதான்னு எனக்குத் தெரியும்.

— எப்படி? கல்யாணத்துக்கு முந்தின முதலெழுத்தில்ல அதுல இருக்கு!

— முன்னுரையில இருந்த கமாவே காட்டிக் குடுத்துடுச்சு. ஒரு வரிக்கு ஏழு கமா வேற யாரு போடுவா? போன வருஷம் பழைய பேப்பர் கடையில எடைக்கு வாங்கினேன்.

— எடைக்கா! ...படிச்சீங்களாவது?

— பொய் சொல்ல மாட்டேன். நாலாவது பக்கத்துல தூங்கிட்டேன்.

— அப்ப பீரோவப் பத்தி எழுதினது?

— எங்க வீட்டம்மா. சங்கத்துக்குச் செயலாளர் அவதான். அலமாரியில கெடந்தத எடுத்து ஒரு மாசமா வரி விடாமப் படிச்சா. இப்ப வீட்டுல எதுக்கெடுத்தாலும் அந்தச் சொல்லுதான். பிள்ளைங்க அடிச்சுக்கிட்டா, யாரு ஆரம்பிச்சதுன்னு கேக்கறதே இல்ல. "சண்டை உடன்வினை"ன்னு ரெண்டுக்கும் ஒரே திட்டு.

— நீங்க சொல்லி... எழுத வெக்கலியே?

— நானா? பதினோரு மாசமா வாயத் தெறக்கலக்கா! தெறந்தா உங்களுக்காக எழுதிடுவா, சான்று கெட்டுடும். அந்தப் புத்தகம் உங்களுதுன்னு இந்த நிமிஷம் வரைக்கும் அவளுக்குத் தெரியாது.