ஐந்து நாள் மருந்து

எனக்குப் பியானோ வாசிக்க வராது. அரண்மனையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இருந்தும் பத்தொன்பது வயதில் தினமும் இசையறைக்குப் போனேன். மாதம் ஒருமுறை சுருதி சேர்க்க வரும் பெண்ணை வாரம் ஒருமுறை வரவழைக்க வேண்டியிருந்தது. அவள் போனதும் இரண்டு கம்பிகளைத் தளர்த்தி வைப்பேன்.

நான்காம் வாரம் கண்டுபிடித்துவிட்டாள்.

"இந்த அரண்மனையில எலிங்ககூட கம்பி முறுக்குற சாவி வச்சிருக்குங்களா, இளவரசே?"

"ஒரே ஒரு எலிதான்."

சிரித்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது. நான் படியேறி வரும் சத்தத்தை வைத்தே, அன்று அம்மாவோடு சண்டையா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அதுவரை யாரும் என்னை அவ்வளவு கவனித்துக் கேட்டதில்லை.

பிறகு கடல் தாண்டி ஓர் இசைக் கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்தது.

"ரெண்டு வருஷம்தான். காத்திருப்பீங்கல்ல?"

"கண்டிப்பா" என்றேன். பொய் இல்லை. அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது அவளுக்கு ஒரு காதில் வலி வந்தது. அரண்மனை டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். நானே வாங்கிக்கொண்டு போனேன். போகிற வழியில்தான் வெள்ளிப் பாத்திரம் துலக்கும் அறை. புட்டியைக் காலி செய்து, அங்கே துலக்க வைத்திருந்த திரவத்தை நிரப்ப ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

என் மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

"எரியுது."

"மருந்துன்னா எரியத்தான் செய்யும். கொஞ்சம் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டாள். வலி இல்லாத காதிலும் விட்டேன். பரவாமல் இருக்க என்று சொன்னேன். ஐந்து நாள், தினம் இரண்டு வேளை. ஒரு வேளையும் தவறவில்லை.

நீங்கள் டாக்டரைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நல்ல மனிதர். மருந்தைத் தவறாகக் கலந்துவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்து, ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சிறையில் இது மூன்றாவது வருடம். அவர் மேல் தப்பில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கல்லூரிக்கு, வர இயலவில்லை என்று அவள் பெயரில் நான்தான் கடிதம் எழுதினேன். வசந்தத்தில் கல்யாணம் நடந்தது. காது கேளாத பெண்ணை இளவரசர் கைவிடவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அவளும் அதையேதான் சொல்கிறாள், சில நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு. இப்போது உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறாள். நான் பேசினால் என் முகத்தைத் தவிர வேறு எங்கும் பார்ப்பதில்லை.

புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிவுமறைவு கூடாது என்று நினைப்பவன் நான். தினமும் காலையில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தலை வாரும்போது, பின்னால் நின்று நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன். இதுவரை அவள் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை.