தோண்டச் சொன்ன கேப்டன்

வெயிலிலும் விலகாமல் வீற்றிருக்கும் விழாத் தலைவர் நீதிபதி ஆல்டன் விப்பிள் அவர்களே! படம் போட்ட விலைப்புத்தகம் பார்த்துச் சிலை வாங்கிய சிலைக்குழுச் செயலாளர் ஹோரஸ் டங்கல் அவர்களே! பெற்ற பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டு வழி பார்த்து வாடிய தாய்மார்களே! வாத்தியக் குழுவினரே, அந்தப் பெரிய முரசைக் கொஞ்ச நேரம் சும்மா வையுங்கள்! முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் கேப்டனின் மனைவி லவினா பெட்டிங்கில் அம்மையார் அவர்களே! என்னோடு ஒரே பானையில் காப்பி குடித்த ஹார்லன் கிரீக் அணியின் தோழர்களே! பீப்பாய் செய்து பிழைக்கும் பழைய சார்ஜென்ட் ஜோப் தர்லோவின் பணிவான வணக்கம்.

கேப்டன் ஒபதியா பெட்டிங்கிலின் வீரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். அதற்கு முன் இந்தச் சிலையைப் பாருங்கள். வானைக் குத்தும் வாள்! வளைத்து விட்ட மீசை! கேப்டனுக்கு ஏதய்யா மீசை? ஹோரஸ், உங்கள் வீட்டுக் கிணற்றை வெட்டியவரே அவர்தானே, அவர் முகம் உங்களுக்கு ஞாபகமில்லையா?

பீடத்தில் சுண்ணக்கட்டியால் எழுதியிருப்பதையும் படியுங்கள். "வாளேந்திப் பாய்ந்து வீழ்ந்தார்." அதன்மேல் உளி வைக்கக் கல்தச்சர் காத்து நிற்கிறார். கேப்டன் எங்கே பாய்ந்தார்? எப்போது பாய்ந்தார்? கூடாரத்துக் கட்டிலில் காய்ச்சலில் இறந்தார்! இந்தப் பொய்யை என் கணவர் பெயருக்குக் கீழே வெட்டாதீர்கள் என்று லவினா அம்மையார் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் குழு அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டது. அதனால்தான், உளி விழுவதற்குள் நான் எழுந்தேன்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றில், உள்நாட்டுப் போர் மூண்டபோது, நாம் கேப்டனை எப்படித் தேர்ந்தெடுத்தோம்? பிடித்தவர் பின்னால் போய் வரிசையில் நிற்பதுதானே நம் ஓட்டு? லூசியஸ் பிராட் ஒரு பீப்பாய் ஆப்பிள் கள் வைத்தார். அந்தப் பீப்பாயைச் செய்தவன் நான்! வரிசை ஆலைவரை நீண்டது. கிணறு வெட்டும் ஒபதியா பின்னால் எத்தனை பேர்? நாலே பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது. வேறு ஆள் இல்லாததால் அவரை லெப்டினன்ட் ஆக்கினோம். மூன்றே வாரத்தில் பிராட்டுக்குப் பல்வலி வந்தது, ஊருக்குப் போனார். பல் சரியாக நான்கு வருடம் ஆயிற்று! சிரிக்காதீர்கள், ஓட்டுப் போட்டவர்கள் நாம்.

அப்படித்தான் ஒபதியா கேப்டன் ஆனார். டென்னசியில் ஆற்றோரம் முகாம். முதல் நாள் வாளை உருவினார். ஆகா, எதிரி வந்துவிட்டான் என்று துப்பாக்கியைத் தூக்கினோம். அவரோ வாளின் முனையால் தரையில் நீளமாக ஒரு கோடு கிழித்தார்.

"இங்க தோண்டுங்கப்பா. இடுப்பளவு ஆழம்."

"பதுங்கு குழியா கேப்டன்?"

"கக்கூஸ்."

தாய்மார்கள் மன்னிக்க வேண்டும். மேடையில் சொல்லும் வார்த்தையா என்று தலைவர் முறைக்கிறார். முறையுங்கள் ஐயா. அந்த வார்த்தையைச் சொல்லக் கூசித்தான் ஊருக்கு ஊர் சவப்பெட்டி செய்தார்கள்!

எலாம் ஃபிஸ்க் அன்று கத்தினான்: "சண்டை போட வந்தோமா, சாக்கடை வெட்ட வந்தோமா?"

கேப்டன் கேட்டார்: "ஏன்டா எலாம், நீ ஆத்துக்கு மேல்பக்கம் உக்காருவ, கீழ்ப்பக்கம் எவன் தண்ணி மொள்ளுவான்? முப்பது கிணறு வெட்டுனவன் சொல்றேன், மண்ணுக்குள்ள போறது தண்ணிக்குள்ள வரும். தோண்டு!"

முகாம் மாறினால் தோண்டு. மழை பெய்தால் மறுபடி தோண்டு. தோற்று ஓடிவந்த அன்றுகூட, மூச்சு வாங்கி முடிப்பதற்குள், தோண்டு! கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடித்தவனுக்குத் தண்டனையாக இன்னொரு குழி தோண்டும் வேலை. பக்கத்துக் கூடாரத்து மில்வேல் ஊர் அணி எங்களைப் பார்த்து "பெருச்சாளிகளா!" என்று பாடியது. எங்களுக்கு எரிந்தது. இவரை நீக்குங்கள் என்று ஆளுநருக்கு ஒரு மனு எழுதினோம். எழுதியவன் யார்? இதோ நிற்கிறேனே, நான்தான். எழுபத்தொரு பேர் கையெழுத்துப் போட்டோம்.

தபால்பைக்குப் போகும் வழியில் மனு கேப்டன் கையில் சிக்கியது. முழுதும் படித்தார்.

"யாரு ஜோப் எழுதுனது?"

"நான்தான் கேப்டன்."

"நல்லா எழுதியிருக்கப்பா. எல்லாப் பேரும் ஒரே தாள்ல இருக்கு. வருகைப் பட்டியல் மழையில ஊறிப்போச்சேன்னு கவலப்பட்டுக்கிட்டிருந்தேன்."

மறுநாள் காலையிலிருந்து அந்த மனுவை வைத்தே ஆளைக் கூப்பிட்டார்! தன்னைத் துரத்தச் சொன்ன தாளை வைத்துத் தினம் மண்வெட்டி கொடுத்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆகஸ்ட் வந்தது. மில்வேல்காரர்களின் பாட்டு நின்றது. ஒரே மாதத்தில் முப்பத்துநான்கு பேர். ஒரு தோட்டாவும் பாயவில்லை, குடித்த தண்ணீர் கொன்றது. அங்கே எழுந்து நிற்க ஆளில்லை என்று கேப்டன் தன் கையால் அவர்களுக்குக் கக்கூஸ் குழி வெட்டப் போனார். "உங்களுக்கு எதுக்கு கேப்டன் வம்பு?" என்றேன். "அவனுங்களும் யாரோ பெத்த புள்ளைங்கதானேடா" என்றார். அங்கேதான் காய்ச்சல் வாங்கினார், ஒன்பதே நாளில் போய்விட்டார். நம் அணியில் போர் முடியும்வரை காய்ச்சலுக்குப் போனவர்கள் மூன்றே பேர், அவரையும் சேர்த்து!

அங்கே யாரப்பா, "சிலைக்குக் கீழே கக்கூஸ் என்றா வெட்டுவது" என்று கேட்பது? எலாம், நீயா? உட்காராதே, நின்றுகொண்டே கேள். லவினா அம்மையார் இன்று காலை இந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். கேப்டனின் கோட்டுப் பையில் இருந்ததாம். நம் மனு! ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் போட்ட தினசரிக் கோடுகள். கூப்பிடுகிறேன். ஜோப் தர்லோ, இருக்கிறேன். எலாம் ஃபிஸ்க்!... உரக்கச் சொல்!

"இருக்கேன்."

ஏன் இருக்கிறாய் எலாம்? யார் பாய்ந்ததால் இருக்கிறாய்?

போதும். மறுபடி தேர்தல் வைக்கிறேன், நம் பழைய வழக்கப்படி. சுண்ணக்கட்டி எழுத்தே சரி என்பவர்கள் வாத்தியக் குழுப் பக்கம் போங்கள். "எங்களைத் தோண்ட வைத்தார், அதனால் இருக்கிறோம்" என்று வெட்ட வேண்டும் என்பவர்கள் லவினா அம்மையாருக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள். இந்த முறை கள் கிடையாது!

எலாம்தான் முதலில் போகிறான். பார்த்து வா, கால் தடுக்கும். அம்மா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். திரும்பி மட்டும் பாருங்கள். வரிசை ஆலையைத் தாண்டிவிட்டது. அன்று நாலு பேர் அம்மா, இன்று பாருங்கள்!

ஹோரஸ், கல்தச்சரிடம் ஈரத்துணி வாங்கி அந்தச் சுண்ணக்கட்டி எழுத்தை நீங்களே துடையுங்கள். கல்தச்சரே, ஆழமாக வெட்டும், அவருக்கு ஆழம் போதாவிட்டால் பிடிக்காது. பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், முகம் சுளிக்காத தாய்மார்களுக்கும் நன்றி சொல்லி, ஓட்டுப் போட நானும் இறங்கி வருகிறேன். வணக்கம்.