பாஸ் ஆன டெஸ்ட்

"டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சுண்ணா. அதான் பயமா இருக்கு" என்றாள் முன்சீட்டுப் பெண், மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு. வெள்ளிமலை பஸ் அப்போதுதான் கச்சிராயபாளையத்தைத் தாண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவர் அவளோடு வேலை செய்பவர். இருவரும் மலையில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

"பாஸ் ஆனா இன்னா பயம்?"

"ஐசியூ கம்ப்யூட்டர்ல வீடியோவும் ஓடும், நோயாளிக்கு ஏதாவது ஆனா அடிக்கிற அலாரமும் ஓடும். வீடியோவே மெமரிய மொத்தமா இழுத்துக்கினா அலாரம் லேட் ஆவும். அதுக்குதான கம்ப்யூட்டர நடத்துற கெர்னல் சாஃப்ட்வேர்ல வீடியோவுக்கு லிமிட் வச்சோம்?"

"ஆமா. லிமிட் வேல செய்யுதுன்னு நீதான சொன்ன?"

"இப்ப லிமிட்ட எடுத்துட்டு ஓட்டிப் பாத்தேன். ஃபெயில் ஆவணும் இல்ல? அப்பவும் பாஸ்னுதான் வருது."

சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "அதெப்படி?"

"நம்ம டெஸ்ட் மெஷின்ல மெமரி ரெண்டு பக்கமா தனித்தனியா பிரிஞ்சு இருக்குதுண்ணா. வீடியோவ ஒரு பக்கம், அலாரத்த இன்னொரு பக்கம் ஓட்டிக்கினு இருந்திருக்கேன். ரெண்டும் மோதிக்கவே இல்ல."

"ஆஸ்பத்திரி மெஷின்ல?"

"ஒரே பக்கம்தான்."

"அனுப்பியாச்சா?"

"காலையிலயே ஆஸ்பத்திரி மெஷின்ல போட்டுட்டாங்க."

"ஒடனே போன் போடு. அலாரத்த நம்ப வேணாம், ஆள் பக்கத்துலயே இருக்கட்டும்னு சொல்லு."

பஸ் மலை ஏறத் தொடங்கியிருந்தது. அவள் போனைக் காதில் வைத்தாள், எடுத்துப் பார்த்தாள்.

"சிக்னல் இல்லண்ணா."

அவர் எழுந்து கத்தினார். "வண்டிய நிறுத்துங்க! நாங்க கீழ போவணும்."

கண்டக்டர் விசில் அடித்துவிட்டு வந்தார். "இன்னா சார், கீழ யாருக்கு இன்னா ஆச்சு?"

"அதுதாங்க தெரியல" என்றாள் அவள்.