மூன்று ஆலோசகர்களும் மூன்று கல்யாணங்களும்

காபி இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, பாஸ்டர். ஊற்றிக்கொள்ளுங்கள். ஏழு மாதத்துக்குள் ஒரே வீட்டில் மூன்று கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டீர்கள். மூன்றையும் நடத்திவைத்தவர் நீங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லாமே நிர்வாக ஒழுங்குக்காகச் செய்ததுதான்.

எங்கள் பிரெக்கி குடும்பம் மூன்று தலைமுறையாகப் பொய் வாத்து செய்து விற்கிறது. வேட்டைக்காரர்கள் அதை ஏரியில் மிதக்கவிடுவார்கள். மேலே பறக்கிற நிஜ வாத்து, கீழே சொந்தக்காரர்கள் கூடியிருப்பதாக நம்பி இறங்கும். அப்பா ஆர்வில் ஓய்வுபெற்றதிலிருந்து பதினொரு வருடமாகத் தலைவர் நாற்காலியில் இருந்தது நான். தங்கை கோரினிடம் தொழிற்சாலை. அதாவது வாத்து செய்வது, விற்பது, ஆட்களுக்குச் சம்பளம் போடுவது, இயந்திரம் நின்றால் அதன் அடியில் போய்ப் படுப்பது. மற்ற எல்லாப் பொறுப்பும் என்னுடையது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நான் பேசும் வாத்தை அறிமுகப்படுத்தினேன். வயிற்றுக்குள் சின்ன ஒலிபெருக்கி. ஒலிப்பதிவில் ஒரு சிறு குழப்பம். வாத்தின் குரலுக்குப் பதில் பருந்தின் குரல் போய்விட்டது. இருபதாயிரம் வாத்துகள் அப்படியே கடைகளுக்குச் சென்றன. வேட்டை தொடங்கிய முதல் காலையில் மூன்று மாவட்டங்களில் ஒரு வாத்துகூடத் தண்ணீரில் இறங்கவில்லை. பருந்துகள்தான் நிறைய வந்தன என்று வேட்டைக்காரர்களின் புகார்க் கடிதங்களிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "கொஞ்சம் வித்தியாசமா இருந்துச்சும்மா" என்றார். அதைவிடக் கடுமையான சொல் அவரிடம் இல்லை. பிறகு மார்ச் மாதத்தில் ஒருநாள் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார்.

"நாம மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துத் தலையாட்டிட்டே இருக்கோம். வெளியாளுங்க மூணு பேர் வந்து பாக்கட்டும். மார்லிஸ் இருக்கணுமா, கோரின் உக்காரணுமான்னு ஜனவரிக் கூட்டத்துல சொல்லட்டும். அவங்க சொல்ற பக்கம்தான் என் ஓட்டு."

"அக்காவே ஆளுங்களத் தேடட்டும்ப்பா" என்றாள் கோரின். "எனக்கு மெஷின் நின்னு கிடக்கு."

தேடினேன். விதிமுறைகளையும் நானே தட்டச்சு செய்தேன். ஏழாம் விதி முக்கியமானது: ஆலோசகர் இரத்தத்தாலோ திருமணத்தாலோ பிரெக்கி குடும்பத்துக்கு உறவாக இருக்கக் கூடாது, உறவானால் அன்றே பதவி போகும், அந்த இடம் அடுத்த வருடம்தான் நிரப்பப்படும். நேர்மையான விதி. பெருமையுடன் தட்டினேன்.

ஆலோசகர்களைத் தேர்ந்தெடுக்க எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருந்தேன். வாத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாது. பேசும்போது சிரிக்க வேண்டும். கொடுத்த கம்பெனிக் காகிதத்தை அழகாக மடித்துப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற லொரைன் அம்மையார், படகு செய்யும் டுவெய்ன், முன்னாள் நீதிபதி செல்மர் மூவரும் அழகாக மடித்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் படிப்பார்கள் என்று எப்படித் தெரியும்?

முதல் கூட்டத்திலேயே லொரைன், "இந்தப் பருந்து யாரோட யோசனை?" என்று கேட்டார். அன்புடன்தான் கேட்டார். ஆனால் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்.

லொரைன் விதவை. அப்பாவும் தனியாள். தேவாலயத்தின் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தேன். முதலில் லொரைனிடம், அப்பாவுக்கு இன்னும் ஆறு மாதம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும், அதை அவரிடம் யாரும் பேசக் கூடாது என்றும் சொன்னேன். பிறகு அப்பாவிடம் லொரைனைப் பற்றி அதையே சொன்னேன். ஒருவருக்கு மட்டும் சொன்னால் ஓரவஞ்சனை ஆகிவிடும். ஜூனில் கல்யாணம் நடந்தது. லொரைன் களைத்துவிடுவார் என்று அப்பா மெதுவாக நடக்கிறார். அப்பா களைத்துவிடுவார் என்று லொரைன் அதைவிட மெதுவாக நடக்கிறார். இருவரும் தனித்தனியாக வந்து மற்றவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் நல்ல இடமாகக் கேட்டார்கள் என்று சொன்னீர்களே, காரணம் இதுதான். இருவருக்கும் இரத்த அழுத்தம்கூடக் கிடையாது.

அடுத்தது டுவெய்ன். அவர் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இங்க வேல பாக்கறது ஒங்க தங்கச்சி மட்டும்தானா?" என்று கேட்டார்.

ஐம்பது வயதுப் பிரம்மச்சாரி. கோரினுக்கு அப்போது ஆறு வருடப் பழக்கமாக கிப் என்றொரு மீன்பிடி வழிகாட்டி இருந்தான். நல்ல பையன். அவனுக்கு அலாஸ்காவில் நல்ல வேலை வாங்கிக் கொடுத்தேன். அங்கிருந்து கோரினுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதினான், அலுவலக முகவரிக்கு. தபாலைப் பிரிப்பது என் பொறுப்பு. எல்லாக் கடிதமும் என் அலமாரியில் தேதி வாரியாக அடுக்கிவைக்கப்பட்டிருக்கிறது, ஒன்றுகூடத் தொலையவில்லை.

அக்டோபரில் புது வாத்துகளைச் சோதிக்க டுவெய்னையும் கோரினையும் ஏரிக்கரை வேட்டைக் குடிசைக்கு அனுப்பினேன். கம்பளி ஒன்றுதான் வைத்தேன். வெளித் தாழ்ப்பாள் விழுந்துகொண்டது. தாழ்ப்பாள் விழக்கூடியதுதான், ஒரு கை உதவினால் போதும். ஏழு மணி நேரம் கழித்துத் திறந்தபோது கோரின், "அக்கா, இவருக்கு மோட்டார் பழுது பாக்கத் தெரியுது" என்றாள். அவள் கண்ணில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. நவம்பரில் கல்யாணம்.

மிச்சம் நீதிபதி செல்மர். அறுபத்தாறு வயது, கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவர். இறகு பட்டால் தும்முவார். டிசம்பர் முதல் வாரம் என்னிடமே வந்து சொன்னார்:

"மார்லிஸ், அறிக்கைய எழுதிட்டேன். முதுகுக்குப் பின்னால சொல்றது மொறையில்ல. நாற்காலிய கோரினுக்கு விட்டுக்குடுத்துடு."

வீட்டில் கல்யாணத்துக்கு ஆள் தீர்ந்துவிட்டிருந்தது. நான் மட்டும் இருந்தேன்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பது அதைவிட மரியாதை. மூன்றாம் தடவை மறுத்தால் கேட்டவரை அவமதித்ததாகும். விருந்தில் நீட்டுகிற ஆப்பிள் பை பலகாரத் துண்டுக்கு மட்டுமே இந்த வழக்கம் என்று எங்கும் எழுதியில்லை.

"என்னக் கட்டிக்கிறீங்களா, ஜட்ஜ் ஐயா?" என்று கேட்டேன்.

"ஐயோ, ஒனக்கெதுக்கும்மா அந்தச் சிரமம்" என்றார்.

"சிரமமே இல்ல. கட்டிக்கிறீங்களா?"

"இல்லம்மா, இப்பதான் சாப்ட்டு வந்தேன்." பாவம், பழக்கத்தில் சொல்லிவிட்டார்.

தொப்பியைத் தேடத் தொடங்கினார். நான் வாசலை மறைத்துக்கொண்டு மூன்றாம் தடவை கேட்டேன். கையில் எடுத்த தொப்பியை மறுபடி மேசைமேல் வைத்தார். "சரி, சின்னதா இருந்தாப் போதும்" என்றார். சின்னதாகத்தான் நடத்தினோம், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள்.

ஜனவரிக் கூட்டத்துக்கு நான் புது உடை அணிந்து போனேன். ஆலோசகர் ஒருவரும் இல்லை, அறிக்கையும் இல்லை. அப்பாவின் ஓட்டு வழக்கம்போல மூத்த மகளுக்கு. கூட்டத்தைத் தொடங்கிவைத்தபோது கோரின் கையை உயர்த்தினாள்.

"அக்கா, ஆறாவது விதிய ஒருவாட்டி படியேன்."

நான் அதைத் தட்டியிருந்தேன், படித்ததில்லை. ஆலோசகர்களுக்கு ஓட்டு கிடையாது, யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். பிறப்பாலோ திருமணத்தாலோ குடும்பத்தைச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஓர் ஓட்டு உண்டு. மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம்.

கோரின் தலைவராகட்டும் என்று லொரைன் கை தூக்கினார். டுவெய்ன் தூக்கினார். கோரின் தூக்கினாள். அப்பாவும் தூக்கினார். நான் அவரையே பார்ப்பதைக் கண்டு என் காதருகே குனிந்தார்.

"லொரைனோட கடைசி ஆசைம்மா. எப்படி மறுக்கறது?"

எதிர்ப்பக்கத்திலிருந்து லொரைனும் குனிந்தார். "அப்பாவுக்காகத்தாண்டி கண்ணு. போறதுக்குள்ள கம்பெனி நிலைச்சத அவர் பாக்கட்டும்."

பதினெட்டு நாள் கணவராகிய செல்மரும் கை தூக்கினார், ஒருமுறை தும்மிவிட்டு.

"நீங்களுமா?" என்றேன்.

"மூணு தடவ கேட்ட, கட்டிக்கிட்டேன்" என்றார் அவர், மிகுந்த மரியாதையுடன். "இதுக்கு நீ ஒருவாட்டிகூடக் கேக்கலியே, மார்லிஸ்."

நாற்காலி இப்போது கோரினிடம் இருக்கிறது. அவள் அதில் உட்காருவதே இல்லை; அடியில் ஏதோ திருகு தளர்ந்திருக்கிறது என்று கவிழ்த்துப்போட்டிருக்கிறாள். எனக்கு யார்மேலும் வருத்தமில்லை. நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். பிழை எங்கே நேர்ந்தது என்பதையும் யோசித்து வைத்திருக்கிறேன், பாஸ்டர். அப்பாவிடம் அந்த மார்ச் மாதமே நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும்: வெளியாட்களை நம்பிக் குடும்பத்துக்குள் விடக் கூடாது என்று.